தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள்

நீலகிரி மலைத்தொடரின் தென்மேற்குப் பகுதியில், கேரள நாட்டு எல்லைக்குள், அமைதிப் பள்ளத்தாக்கு என்னும் அடர்ந்த காடு உள்ளது. அங்கே வானுற ஓங்கிய மரங்கள் கதிரவன் ஒளியும் புகாவண்ணம் கிளை பரப்பி நிற்கின்றன. குந்திப்புழை என்னும் ஆறு காட்டினூடே பாய்கின்றது. சிங்கவால் குரங்குகள் மரத்துக்கு மரம் தாவுகின்றன. 1970-களில், இந்த ஆற்றின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுப்பதற்குத் திட்டம் வகுக்கப்பட்டது. அணை எழுந்தால் காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கிவிடும். காட்டைக் காக்க வேண்டும் என்று குரல் கொடுத்த அறிஞருள் எண்பது வயதை எட்டிய அம்மையார் ஒருவரும் இருந்தார். அவரே ஜானகி அம்மாள்.

ஜானகி அம்மையார் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தார். அவருடைய தந்தையார் நீதிபதியாகப் பணியாற்றியவர். செடிகொடிகளிடத்தும் பறவைகளிடத்தும் பேரன்பு உடையவர். அவ்வன்பு மகளுக்கும் வாய்த்தது. பெண்களுக்கு இளமையிலேயே மணம் முடித்து விடுவது அக்கால வழக்கம். ஜானகியோ கல்வியையே தம் வாழ்க்கைத் துணையாகக் கொண்டார். சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் உதவித்தொகை பெற்று, கடல் கடந்து அமெரிக்கா சென்றார். 1931ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

தாயகம் திரும்பிய அம்மையார், 1934ஆம் ஆண்டு முதல் கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். பெண் ஒருவர் தனித்து நின்று ஆராய்ச்சி செய்வதைப் பலர் ஏற்காத காலம் அது. அம்மையார் அதனைப் பொருட்படுத்தவில்லை.

ஒவ்வோர் உயிரும் மிகச் சிறிய உயிரணுக்களால் ஆனது. உயிரணுவுக்குள் குரோமோசோம்கள் என்னும் நுண்ணிய இழைகள் உள்ளன. பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைகளுக்குக் கொண்டு சேர்ப்பவை இவையே. நெல்லுக்கு இவை 24, மக்காச்சோளத்துக்கு 20. அம்மையார் நுண்ணோக்கியின் வழியே இவற்றை எண்ணி, எந்தச் செடிக்கு எந்தச் செடி உறவு என்று ஆராய்ந்தார். இனிய கரும்பையும் காட்டில் தானே வளரும் புல்லையும் இணைத்தால், வறட்சியையும் நோயையும் தாங்கும் கரும்பு கிடைக்கும். ஆதலால், வயலில் விளையும் பயிருக்கு வலிமை தருவது காட்டுச் செடியே என்பதை அம்மையார் நன்கு உணர்ந்திருந்தார்.

பின்பு இங்கிலாந்து சென்றார். அப்போது இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்தது. இலண்டன் நகரின்மேல் குண்டுகள் விழுந்தன. எனினும் அம்மையார் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. டார்லிங்டன் என்னும் அறிஞருடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம்களைப் பற்றிய பெருநூல் ஒன்றை 1945ஆம் ஆண்டு வெளியிட்டார். அவர் வளர்த்த மக்னோலியா மரவகை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி மலர்கின்றது.

நேருவின் அழைப்பை ஏற்று மீண்டும் இந்தியா வந்த அம்மையார், இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பணியை மேற்கொண்டார். 1977ஆம் ஆண்டு அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

முதுமையிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கும் முயற்சியில் ஈடுபட்டதோடு, அங்குள்ள மரங்களின் குரோமோசோம்களை எண்ணவும் முற்பட்டார். ஒருமுறை அழிந்த மரவினத்தை மீண்டும் படைக்க எவராலும் இயலாது அன்றோ?

1983ஆம் ஆண்டு அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், சென்னையை அடுத்த மதுரவாயலில் அம்மையார் இயற்கை எய்தினார். அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதனைக் காண அம்மையார் இல்லை. அவர் காக்க விரும்பிய காடு மட்டும் இன்றும் பசுமையாக நிற்கின்றது.

நமக்குச் சோறும் சருக்கரையும் தரும் பயிர்களைப் போலவே, நாம் பெயரறியாத காட்டுச் செடிகளும் போற்றத்தக்கவையே. இதுவே ஜானகி அம்மையாரின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடமாகும்.