ஒலிம்பிக் அரையிறுதி, 2 ஆசியத் தங்கம்… இந்தியக் கால்பந்தைத் தலைநிமிர வைத்த ஸ்கூல் வாத்தியார்! யார் இந்த ரஹீம்?

இந்திய ஆண்கள் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் கடைசியாக ஆடியது 1960-ல். ஆசிய விளையாட்டுப் போட்டியில் கடைசியாகத் தங்கம் வென்றது 1962-ல். இரண்டு அணிகளுக்கும் ஒரே ஆள்தான் பயிற்சியாளர்: சையத் அப்துல் ரஹீம். 2024-ல் அஜய் தேவ்கன் நடித்து வெளியான ‘மைதான்’ படம் இவரோட கதைதான். அப்படி என்ன செய்தார் ரஹீம்?

வகுப்பறையிலிருந்து மைதானத்துக்கு

1909-ல் ஹைதராபாத்தில் பிறந்த ரஹீம், தொழிலால் பள்ளி ஆசிரியர். உடற்கல்வியும் படித்தவர். 1940-களில் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியாளரானார். கல்கத்தா கிளப்புகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. அப்போதுதான் ரஹீமின் பசங்க, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 முறை ரோவர்ஸ் கோப்பையைத் தூக்கினார்கள். ஒரு காலில் மட்டும் பந்தை நம்பும் பழக்கம் போகணும் என்பதற்காக, பலவீனமான காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று தனிப் போட்டியே நடத்தினார்.

தங்கமும் அடியும்

1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. இறுதி ஆட்டத்தில் மேவாலால் அடித்த ஒரே கோலில் ஈரானை வென்று இந்தியா தங்கம் பெற்றது. சந்தோஷம் ரொம்ப நாள் நீடிக்கல. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோல்வி. அந்தக் குளிரிலும் நம் வீரர்கள் பலர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது.

ரஹீம் ஆட்ட முறையையும் மாற்றினார். அன்றைய ஹங்கேரி அணியைப் போல, சென்டர் ஃபார்வர்டைக் கொஞ்சம் பின்னால் இறக்கி, குறுகிய பாஸ்களில் ஆட வைத்தார். பலன் 1956 மெல்போர்னில் தெரிந்தது. முதல் சுற்றில் ஹங்கேரி விலகிக்கொண்டது. அடுத்து ஆஸ்திரேலியாவை 4-2 என்று இந்தியா வீழ்த்தியது. நெவில் டிசோசா ஹாட்ரிக். ஒலிம்பிக் கால்பந்து அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி இந்தியாதான். அங்கே முதல் கோலை அடித்தும், யூகோஸ்லாவியாவிடம் 1-4 என்று தோற்று, கடைசியில் 4-வது இடம்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸுடன் 1-1 என்று டிரா செய்தாலும், முதல் சுற்றோடு வெளியேற வேண்டியதாயிற்று. அந்த அணியில் ரஹீமின் மகன் ஹக்கீமும் இருந்தார். ஆனா ஒரு ஆட்டத்தில்கூட களமிறங்கவில்லை.

ஜகார்த்தா 1962: கடைசி ஆட்டம்

ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. மைதானத்துக்கு வெளியே வேறு பிரச்சினை. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அனுமதிக்காததை இந்திய அதிகாரி ஜி.டி.சோந்தி விமர்சிக்க, இந்தியாவுக்கு எதிராகப் போராட்டம் வெடித்தது. இந்திய வீரர்களைப் பார்த்தாலே கூட்டம் கூச்சலிட்டது.

வீரர்கள் நிலைமையும் சரியில்லை. டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். ரஹீம் அவரை உட்கார வைக்காமல் ஃபார்வர்டாக இறக்கினார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக அவர் ஒரு கோல் அடிக்க, 3-2 என்று வெற்றி. காய்ச்சலால் வெளியே இருந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜை இறுதி ஆட்டத்துக்குத் திரும்ப அழைத்தார். தங்கராஜ், நீலகிரி வெலிங்டனின் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் வளர்ந்தவர்.

செப்டம்பர் 4. எதிரே அதே தென்கொரியா. முதல் 20 நிமிடத்துக்குள் பி.கே.பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று. முடிவு 2-1. தங்கம் இந்தியாவுக்கு!

அப்புறம் என்ன ஆச்சு?

அடுத்த ஆண்டு ஜூன் 11-ல், நுரையீரல் புற்றுநோயால் ரஹீம் இறந்தார். வயது 53. அவர் தயார் செய்த வீரர்கள் இருந்தவரை ஓட்டம் நிற்கவில்லை: 1964 ஆசியக் கோப்பையில் 2-வது இடம், 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்திய ஆண்களுக்குப் பதக்கமே இல்லை.

ரஹீம் விட்டுப்போனது ஒரு நல்ல அணியை. அப்படிப்பட்ட அணிகளைத் தொடர்ந்து உருவாக்கும் அமைப்பை ஒரு தனி ஆளால் கட்ட முடியாது. கட்ட வேண்டியவர்களும் கட்டவில்லை. 1962 தங்கம் இன்னும் ‘கடைசித் தங்கமாகவே’ இருப்பதற்குக் காரணம் அதுதான்.