சுப்பாராவும் பொன்னிற மருந்தும்



மழைக்காலம் வந்தால் நம் வீடுகளில் சளியும் காய்ச்சலும் கூடவே வரும். உடனே மருந்துக் கடைக்குப் பிள்ளையை அனுப்பி, ஆன்டிபயாட்டிக் மாத்திரை இரண்டு வாங்கி வரச் சொல்லுகிறோம். அவ்வகை மருந்துகளுள் டெட்ராசைக்ளின் குடும்பம் பேர்போனது. அதன் மூத்த பிள்ளை பிறந்த ஆராய்ச்சிசாலைக்குத் தலைவராயிருந்தவர், நம் சென்னைப் பட்டணத்தில் வைத்தியம் படித்தவர். அவர் சரித்திரத்தைக் கேளுங்கள்.

எல்லப்பிரகடா சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ஆம் தேதி ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். (பரீட்சையில் தவறிய பிள்ளையைத் திட்டுகிற பெற்றோர் இதைக் கவனிக்கவும்.) சென்னை வைத்தியக் கல்லூரியில் கதராடை அணிந்தபடியால் ஆங்கிலேய ஆசிரியர் ஒருவரின் மனஸ்தாபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார். சகோதரர் இருவர் ஸ்ப்ரூ என்னும் கழிச்சல் வியாதியால் ஒருவர்பின் ஒருவராய் மாண்டது அவருக்கு ஆறாத புண்.

1923-இல் மாமனாரும் வேறு சிலரும் உதவ, அமெரிக்கா சென்றார். பாஸ்டன் நகரில் படித்துக்கொண்டே ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்து பிழைத்தார். தாய்நாடு திரும்பவேயில்லை, இளம் மனைவியை மறுபடி காணவுமில்லை. 1940-இல் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்து, ஆராய்ச்சிக்குத் தலைவரானார். ஸ்ப்ரூ நோயைத் தீர்க்கும் ஃபோலிக் அமிலமும், யானைக்கால் நோய்க்கு நாம் இன்றும் விழுங்கும் மாத்திரையின் மருந்தும் அவர் கீழிருந்தவர்கள் உழைப்பில் வந்தவை. அவர் காலத்தில் அங்கே வேலை செய்த முதிய தாவர சாஸ்திரி பெஞ்சமின் டக்கர், மிஸ்ஸூரி நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பொன்னிறமான மருந்து எடுத்தார். ஆரியோமைசின் என்று பெயரிட்டு 1948 ஜூலையில் உலகுக்கு அறிவித்தார்கள். அடுத்த மாதமே சுப்பாராவ் உறக்கத்தில் மரணமடைந்தார். வயது 53.

அவர் காணாத கதை இனித்தான் தொடங்குகிறது.

மருந்து எடுத்தபின் மிஞ்சிய கசடைக் கோழிகளுக்கு இட்டுப் பார்த்தபோது அவை வேகமாய்க் கொழுத்தன. 1950-இல் இது வெளியாயிற்று. பண்ணைக்காரர்கள் விடுவார்களா? நோயற்ற கோழிக்கும் பன்றிக்கும் தினந்தோறும் சிறுகச் சிறுக இம்மருந்தைத் தீவனத்தில் கலந்தார்கள்.

வயலில் ஒரே பூச்சிமருந்தை ஆண்டாண்டாய்த் தெளித்தவர்கள் இதன் பலனை அறிவார்கள். கோடிக்கணக்கான கிருமிகளில் மருந்துக்குச் சாகாத சில எப்போதும் இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று, இவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. அதுமட்டுமா? சாகாத வித்தையை ஒரு கிருமி வேறு ஜாதிக் கிருமிக்கும் கொடுக்க வல்லது! மருந்து எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு வீணாய்ப் புழங்குகிறதோ அவ்வளவு விரைவில் அவை பெருகும்.

ஸ்டூவர்ட் லீவி என்னும் மருத்துவர் பாஸ்டனுக்கு அருகே ஒரு பண்ணையில் கோழிகளுக்கு டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் கொடுத்துச் சோதித்து, 1976-இல் முடிவை வெளியிட்டார். ஒரே வாரத்தில் கோழிகளின் குடற்கிருமிகள் பெரும்பாலும் அம்மருந்துக்கு அடங்காதவையாயின. சில மாதங்களில், அம்மருந்தைத் தொடாத அப்பண்ணை வீட்டார் குடலிலும் அப்படிப்பட்டவை மிகுந்தன.

நம் வீட்டுச் சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. அதை இம்மாத்திரைகள் தொடாது. குடலில் குடியிருக்கும் கிருமிகளுக்கோ பாடம் சொல்லிக் கொடுக்கும். காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதும், மருத்துவர் சொன்ன நாள்வரை விடாமல் விழுங்கச் சொல்வதும் இந்தப் பயத்தால்தான். மாத்திரை அட்டையில் செங்குத்தாய் ஒரு சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கத்தகாதது. அண்டை வீட்டில் மிஞ்சியதைக் கேட்டு வாங்குவதும் அதே தவறு.

ஐரோப்பியர் 2006-இல் கொழுக்க வைப்பதற்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை முற்றிலும் நிறுத்தினார்கள். நம் தேசத்தில், கடைசிப் புகலிடமான கொலிஸ்டின் என்னும் மருந்தைக் கோழி முதலிய பிராணிகளுக்குக் கொடுப்பது 2019-இல் தடுக்கப்பட்டது.

அந்தப் பாஸ்டன் பண்ணைக் கதைக்குப் பின்பாதியும் உண்டு. மருந்துத் தீவனத்தை அடியோடு அகற்றி ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோது, பண்ணையாரில் பெரும்பாலோர் குடலில் அந்த அடங்காத கிருமிகள் காணப்படவில்லை.