சி. வை. தாமோதரம்பிள்ளை

சி. வை. தாமோதரம்பிள்ளை (செப்டம்பர் 12, 1832 - ஜனவரி 1, 1901) ஏட்டுச் சுவடிகளில் கிடந்த பழந்தமிழ் இலக்கண, இலக்கிய நூல்களைத் தேடிப் பெற்று, பரிசோதித்து, அச்சில் வெளியிட்ட முன்னோடிப் பதிப்பாசிரியர் ஆவார். யாழ்ப்பாணத்திலே பிறந்து, தமிழ்நாட்டிலே வாழ்ந்து மறைந்தவர். ஆசிரியர், கணக்கு அலுவலர், வழக்கறிஞர், நீதிபதி எனப் பல தொழில்களைப் பார்த்துக்கொண்டே பதிப்புப் பணியை ஆற்றினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். தொல்காப்பியப் பொருளதிகாரமும், எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றாகிய கலித்தொகையும் இவராலேயே முதன்முதலாக அச்சேறின.

பிறப்பும் இளமைக் கல்வியும்

தாமோதரம்பிள்ளை யாழ்ப்பாண மாவட்டத்தில் உள்ள சிறுப்பிட்டி என்னும் ஊரில் வைரவநாதர், பெருந்தேவி தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார். தொடக்கக் கல்வியைத் தந்தையாரிடம் பெற்றார். பின்னர் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். நிகண்டு, நீதிநூல், இலக்கணம் ஆகியவற்றை மனப்பாடமாகக் கற்கும் பழைய மரபுவழிக் கல்வி இவ்வாறு இவருக்கு இளமையிலேயே வாய்த்தது. தெல்லிப்பழையில் இருந்த அமெரிக்க மிஷன் பாடசாலையில் ஆங்கிலக் கல்வியைத் தொடங்கினார்.

1844 ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டைச் செமினரியில் சேர்ந்தார். 1823 இல் அமெரிக்க மிஷனரிமாரால் தொடங்கப்பெற்ற இக்கல்லூரியில் ஆங்கிலம், கணிதம், வானியல், தத்துவம் முதலியவற்றோடு தமிழும் கற்பிக்கப்பட்டது. ஒரு கருத்தை ஆதாரங்காட்டி நிறுவுதல், மாறுபட்ட கருத்துகளை எடைபோடுதல் ஆகிய பயிற்சிகள் அங்கு பயின்ற மாணவர்களுக்குக் கிடைத்தன. திண்ணைக் கல்வி தந்த நினைவாற்றலும், செமினரி தந்த ஆராய்ச்சி நோக்கும் பிற்காலத்தில் இவருடைய பதிப்புப் பணியில் ஒன்றுசேர்ந்தன எனலாம். 1852 வரை அங்கு பயின்றார். 1855 இல் அச்செமினரி மூடப்பட்டது.

ஆசிரியப் பணியும் முதற் பதிப்பும்

கல்வி முடிந்ததும் கோப்பாயில் ஆசிரியராகப் பணியாற்றினார். அக்காலத்தில், இருபதுகளின் தொடக்கத்திலேயே, குமரகுருபரர் இயற்றிய நீதிநெறி விளக்கத்தை உரையுடன் பதிப்பித்தார். மாணவர்களுக்குப் பயன்படும் ஒரு சிறு நீதிநூலே இவருடைய முதற் பதிப்பாக அமைந்தது.

யாழ்ப்பாணத்திலே முன்பு மிஷனரியாக இருந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியார் அப்போது சென்னையில் தினவர்த்தமானி என்னும் இதழை நடத்திவந்தார். அவருடைய அழைப்பை ஏற்றுச் சென்னை சென்ற தாமோதரம்பிள்ளை அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். கையெழுத்துப் படியை அச்சுக்கு ஏற்ப ஒழுங்கு செய்தல், அச்சுப்படி பார்த்துப் பிழை திருத்துதல் முதலிய வேலைகளில் இவருக்கு இங்கு நேரடி அனுபவம் கிடைத்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழாசிரியராகவும் பணிபுரிந்தார்.

1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதலாவது பி. ஏ. தேர்வில் தேறியவர்கள் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் வட்டுக்கோட்டைச் செமினரியோடு தொடர்புடையவரும் கணித அறிஞருமாகிய கறோல் விசுவநாதபிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

அரசுப் பணிகள்

பட்டம் பெற்றபின் கள்ளிக்கோட்டையில் அரசினர் கல்லூரியில் சிறிது காலம் பணியாற்றினார். பின்னர் சென்னையில் அரசாங்க வரவுசெலவுக் கணக்கு அலுவலகத்தில் சேர்ந்து உயர் பதவி வகித்தார். அப்பணியில் இருந்துகொண்டே சட்டம் பயின்று 1871 இல் பி. எல். பட்டம் பெற்றார். 1882 இல் ஓய்வு பெற்று, 1884 முதல் கும்பகோணத்தில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார். 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்தார். 1895 இல் அரசாங்கம் இவருக்கு ராவ் பகதூர் பட்டம் அளித்தது.

இவருடைய பதிப்புகளில் எதுவும் தமிழாராய்ச்சிக்கென ஊதியம் பெறும் பதவியில் இருந்தபோது வெளிவந்ததன்று. அலுவலகக் கணக்குகளுக்கும் நீதிமன்ற வழக்குகளுக்கும் போக எஞ்சிய நேரத்திலேயே இவர் ஏடுகளை ஒப்புநோக்கினார்.

பதிப்புப் பணி

சுவடிகளின் நிலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், திருக்குறள், நாலடியார், நன்னூல், புராணங்கள் முதலிய நூல்களே அச்சில் கிடைத்தன. சங்க நூல்களில் பெரும்பாலானவற்றின் பெயர்கள்கூடக் கற்றோர் பலருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. பனையோலைச் சுவடிகள் நீண்ட காலம் நிலைப்பன அல்ல. அவ்வப்போது புதிய ஏட்டில் பெயர்த்து எழுதினாலன்றி நூல் அழிந்துவிடும். கற்பாரற்ற நூல்களைப் பெயர்த்தெழுதுவாரும் இல்லை. கறையானும் இராமபாணப் பூச்சியும் அரித்தவை ஒருபுறமிருக்க, பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது.

கிடைத்த ஏடுகளைப் படிப்பதும் எளிதன்று. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பதால் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடப்படுவதில்லை. குறில் எகர ஒகரங்களுக்கும் நெடில் ஏகார ஓகாரங்களுக்கும் வேறுபாடு இராது. ரகரமும் ஆகாரத்தைக் குறிக்கும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். செய்யுளும் உரையும் மேற்கோளும் இடைவெளியின்றித் தொடர்ந்து எழுதப்பட்டிருக்கும். ஆகவே, இலக்கணமும் யாப்பும் முற்றக் கற்றவர் அன்றி வேறெவரும் அவற்றை அச்சுக்கு ஏற்றவாறு பிரித்துக் காட்ட இயலாது. தாமோதரம்பிள்ளை தமது கலித்தொகைப் பதிப்புரையில் ஏடுகள் அழிந்துவரும் நிலையை விரிவாக எடுத்துரைத்து, தமிழர் விரைந்து செயற்பட வேண்டும் என வலியுறுத்தினார்.

தொல்காப்பியம்

தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களையும், அதிகாரத்துக்கு ஒன்பதாக இருபத்தேழு இயல்களையும் உடையது. எழுத்ததிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் மழவை மகாலிங்கையர் முன்னரே அச்சிட்டிருந்தார். 1868 இல் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன், ஆறுமுக நாவலர் பரிசோதிக்க, தாமோதரம்பிள்ளையால் வெளியிடப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் இவருடைய பெரும் பதிப்பு எதுவும் வரவில்லை. 1879 இல் நாவலர் மறைந்தார். 1881 இல் வீரசோழியத்தை வெளியிட்டதுமுதல் தாமே பரிசோதிக்கும் பணியைத் தாமோதரம்பிள்ளை தொடர்ச்சியாக மேற்கொண்டார்.

1885 இல் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரை என்ற பெயரில் வெளியிட்டார். தமிழரின் அகம், புறம் என்னும் இலக்கியக் கொள்கையைக் கூறும் பகுதி இதுவே. இது அச்சேறியதனால் தொல்காப்பியத்தின் மூன்று அதிகாரங்களும் அச்சில் கிடைக்கலாயின. 1891 இல் எழுத்ததிகாரத்தையும், 1892 இல் சொல்லதிகாரத்தையும் நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார்.

கலித்தொகை

எட்டுத்தொகை நூல்களுள் முதலில் அச்சு வடிவம் பெற்றது கலித்தொகையாகும். கடவுள் வாழ்த்து உட்பட 150 பாடல்களைக் கொண்ட இந்நூலை நச்சினார்க்கினியர் உரையுடன் 1887 இல் தாமோதரம்பிள்ளை வெளியிட்டார். உ. வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பும் அதே ஆண்டில் வெளிவந்தது. சங்க இலக்கியத்தின் தொன்மையும் தன்மையும் பற்றிய ஆராய்ச்சிக்கு மூலநூல்கள் கிடைக்கத் தொடங்கிய காலம் இதுவாகும்.

பதிப்பித்த முதன்மையான நூல்கள்

* நீதிநெறி விளக்கம்
* தொல்காப்பியம் - சொல்லதிகாரம், சேனாவரையர் உரை (1868)
* வீரசோழியம், பெருந்தேவனார் உரை (1881)
* இறையனார் அகப்பொருள், நக்கீரர் உரை (1883)
* தணிகைப் புராணம் (1883)
* தொல்காப்பியம் - பொருளதிகாரம் (1885)
* கலித்தொகை, நச்சினார்க்கினியர் உரை (1887)
* இலக்கண விளக்கம் (1889)
* சூளாமணி (1889)
* தொல்காப்பியம் - எழுத்ததிகாரம், நச்சினார்க்கினியர் உரை (1891)
* தொல்காப்பியம் - சொல்லதிகாரம், நச்சினார்க்கினியர் உரை (1892)

இவற்றுள் வீரசோழியம் பௌத்தராகிய புத்தமித்திரர் இயற்றிய இலக்கணம். சூளாமணி சமணராகிய தோலாமொழித்தேவர் இயற்றிய காப்பியம். தாமோதரம்பிள்ளை சைவப் பற்று மிக்கவர். சைவத்தின் பெருமை கூறும் நூல்களை எழுதியவர். எனினும் நூலைத் தேர்ந்தெடுப்பதில் சமயத்தை அளவுகோலாகக் கொள்ளவில்லை என்பதற்கு இவ்விரு பதிப்புகளும் சான்றாகும்.

பதிப்பு முறை

ஒரு நூலின் ஏட்டுப் பிரதிகளைப் பல இடங்களிலிருந்து வருவித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பொருத்தமான பாடத்தைத் தேர்ந்தெடுப்பது இவருடைய முறையாகும். திருவாவடுதுறை ஆதீனம் இவருக்குச் சுவடிகள் வழங்கி உதவியது. ஏடு தந்தவர்களையும் உதவிய புலவர்களையும் பதிப்புரைகளில் குறிப்பிட்டு நன்றி கூறினார்.

இவருடைய பதிப்புரைகள் நீண்டவை. நூலாசிரியர் யார், உரையாசிரியர் யார், அவர்தம் காலம் எது என்பவை அவற்றில் ஆராயப்பட்டன. வீரசோழியப் பதிப்புரையில் தமிழ் இலக்கிய வரலாற்றை அபோத காலம், அட்சர காலம், இலக்கண காலம், சமுதாய காலம், அநாதார காலம், சமணர் காலம், இதிகாச காலம், ஆதீன காலம் என எட்டாகப் பகுத்துக் காட்டினார். இப்பகுப்பைப் பின்வந்தோர் அப்படியே ஏற்கவில்லை. ஆயினும் தமிழ் இலக்கியத்தைக் கால வரிசையில் நோக்கிய முன்னோடி முயற்சிகளுள் இது ஒன்றாகும். இவருடைய பதிப்புரைகள் 1971 இல் தாமோதரம் என்னும் பெயரில் யாழ்ப்பாணத்தில் நூலாக வெளியிடப்பட்டன.

அச்சுச் செலவைப் பெரும்பாலும் தாமே தாங்கினார். இலக்கண நூல்களை வாங்குவோர் மிகச் சிலராக இருந்தமையால் போட்ட பணம் திரும்பவில்லை. அந்நிலையிலும் அடுத்த நூலுக்கான ஏடுகளைத் தேடுவதை இவர் நிறுத்தவில்லை.

உ. வே. சாமிநாதையருடன் தொடர்பு

தாமோதரம்பிள்ளை கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்த காலத்தில், உ. வே. சாமிநாதையர் அவ்வூர்க் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்து சீவகசிந்தாமணியை ஆராய்ந்துகொண்டிருந்தார். தாமோதரம்பிள்ளையும் அந்நூலைப் பதிப்பிக்க விரும்பினார். தாமே அதனை வெளியிடுவதாகக் கூறிச் சாமிநாதையரிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியையும் குறிப்புகளையும் கேட்டார். பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்தவற்றைக் கொடுக்க விருப்பமின்றிச் சாமிநாதையர் மறுத்துவிட்டார். இந்நிகழ்ச்சியைச் சாமிநாதையர் தமது தன்வரலாறான என் சரித்திரத்தில் பதிவு செய்துள்ளார். சிந்தாமணியைச் சாமிநாதையரே பதிப்பித்தார். இந்த மாறுபாடு நிலையான பகையாக வளரவில்லை. தாமோதரம்பிள்ளை மறைந்தபோது சாமிநாதையர் இரங்கற்பா இயற்றினார்.

கல்விப் பணியும் எழுதிய நூல்களும்

யாழ்ப்பாணத்தில் ஏழாலை என்னும் ஊரில் ஒரு சைவப் பாடசாலையை நிறுவினார். சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் அங்கு ஆசிரியராகப் பணியாற்றினார். மாணவர்களுக்கென ஆறாம் வாசகப் புத்தகம், ஏழாம் வாசகப் புத்தகம் ஆகியவற்றை எழுதினார். சூளாமணிக் காப்பியத்தை எளிதில் அறிந்துகொள்ள உதவும் சூளாமணி வசனம் என்னும் உரைநடை நூலையும் இயற்றினார். கட்டளைக் கலித்துறை, சைவ மகத்துவம், ஆதியாகம கீர்த்தனம், நட்சத்திர மாலை என்பன இவருடைய பிற நூல்கள்.

மறைவு

இறுதிக் காலத்தில் சென்னை புரசைவாக்கத்தில் வாழ்ந்த தாமோதரம்பிள்ளை 1901 ஜனவரி 1 ஆம் நாள் காலமானார். வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியாரும் இவர்மீது இரங்கற்பா பாடினார்.

மதிப்பீடு

தாமோதரம்பிள்ளையின் பதிப்புகளில் குறைகள் உண்டு. பொருளதிகாரம் முழுவதற்கும் நச்சினார்க்கினியரே உரையாசிரியர் எனக் கொண்டு இவர் பதிப்பித்தார். அதில் இடம்பெற்ற மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் ஆகிய நான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் நிறுவினர். கலித்தொகை முழுவதையும் நல்லந்துவனார் ஒருவரே பாடினார் என இவர் கருதினார். பாலை, குறிஞ்சி, மருதம், முல்லை, நெய்தல் ஆகிய ஐந்து பகுதிகளையும் ஐந்து புலவர்கள் பாடினர் என்னும் கருத்தும் உண்டு. இது குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவியது. சாமிநாதையரின் பிற்காலப் பதிப்புகளில் காணப்படும் அருஞ்சொல் அகராதி, ஒப்புமைப் பகுதி, விரிவான பாடவேறுபாடுகள் போன்றவையும் இவருடைய பதிப்புகளில் அந்த அளவிற்கு இல்லை.

எனினும் இவர் முன் இருந்த நிலையையும் கருத வேண்டும். மேலும் நல்ல பிரதிகள் கிடைக்கும்வரை காத்திருந்தால், கையிலுள்ள பிரதியும் அழிந்துவிடக்கூடும். கிடைத்தவற்றைக்கொண்டு உடனே அச்சிட்டால் பிழைகள் இடம்பெறும். அப்பிழைகளுக்குரிய பழி பதிப்பித்தவரையே சாரும். இவர் இரண்டாவது வழியைத் தேர்ந்தார். நச்சினார்க்கினியர், பேராசிரியர் உரைகள் பற்றிய மேற்கூறிய ஆராய்ச்சியும், 1885 இல் இவர் அச்சிட்ட நூலைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்கியதாகும். கலித்தொகையைப் பிற்காலத்தில் பல பிரதிகளோடு ஒப்பிட்டு விரிவாகப் பதிப்பித்த இ. வை. அனந்தராமையருக்கும் இவருடைய பதிப்பே முன்னோடியாக இருந்தது. நவீனத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் ஆறுமுக நாவலருக்கும் உ. வே. சாமிநாதையருக்கும் இடையே பாலமாக அமைந்தவராகத் தாமோதரம்பிள்ளை கருதப்படுகிறார்.