டிக்கெட் இல்லாத கச்சேரி: ஜான் ஃபிலிப் சூசாவின் கதை

பேண்டு வாத்தியம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது குடியரசு தின அணிவகுப்பு. இல்லாவிட்டால் கல்யாண ஊர்வலம். உட்கார்ந்து ரசித்துக் கேட்கிற இசையாக அதை நாம் நினைப்பதில்லை. ஆனால் சுமார் 140 வருடங்களுக்கு முன்னால், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் கோடைக்காலச் சனிக்கிழமை வந்தால் ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு வெள்ளை மாளிகையின் புல்வெளிக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கே சிவப்புச் சீருடை போட்ட ராணுவ பேண்டு ஒன்று வாசிக்கும். டிக்கெட் கிடையாது, அழைப்பிதழும் தேவையில்லை. அந்த பேண்டை நடத்தியவர் ஜான் ஃபிலிப் சூசா. பின்னாளில் மார்ச் இசையின் மன்னர் என்று உலகமே அவரைக் கொண்டாடியது. அந்த மன்னரை உருவாக்கியதில் பெரும்பங்கு இந்த இலவசக் கச்சேரிகளுக்கு உண்டு. இந்த இதழில் அவரைப் பற்றிப் பார்ப்போம்.

பேண்டுக்காரரின் மகன்

சூசா பிறந்தது 1854 நவம்பர் 6 அன்று, வாஷிங்டனில். அப்பா அந்தோனியோ போர்த்துக்கீசிய வம்சாவளி, பிறந்தது ஸ்பெயினில். அம்மா ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்தவர். பத்துக் குழந்தைகளில் சூசா மூன்றாவது. அப்பாவுக்கு வேலை அமெரிக்க மரைன் படையின் பேண்டில் டிராம்போன் வாசிப்பது. வீடு படை முகாமுக்குப் பக்கத்திலேயே. சூசா வளர்ந்த வருடங்கள் அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த வருடங்கள். தலைநகர் முழுக்கச் சிப்பாய்கள், எந்தத் தெருவில் பார்த்தாலும் பேண்டு. 1865-இல் போர் முடிந்து வெற்றி ஊர்வலம் நடந்தபோது பையனுக்குப் பத்து வயது.

அந்த மரைன் பேண்டு சாதாரணமானதல்ல. 1798-இல் அதிபர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்ட சட்டத்தால் தொடங்கப்பட்டது. இன்றுவரை இடைவிடாமல் இயங்குகிறது. அதிபரின் சொந்த பேண்டு என்பது அதற்கு வழங்கும் பெயர். ஆனால் அதிபருக்கு மட்டும் வாசித்துவிட்டு அது நின்றுவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மாளிகைத் தோட்டத்தில் பொதுமக்களுக்காக வாசிக்கும் வழக்கம் வந்துவிட்டது. ஜனங்கள் அதை எவ்வளவு விரும்பினார்கள் என்பதற்கு ஒரு சம்பவம். 1862 பிப்ரவரியில் அதிபர் லிங்கனின் மகன் வில்லி பதினொரு வயதில் காய்ச்சலில் இறந்துபோனான். துக்கம் தாளாத தாய் மேரி லிங்கன், மாளிகை வளாகத்தில் பேண்டு வாசிக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். பிள்ளையைப் பறிகொடுத்த வீடு என்று தெரிந்தும் ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. கடைசியில் கச்சேரியை எதிரே இருந்த லாஃபயெட் சதுக்கத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

சர்க்கஸுக்குப் போகவிருந்த பையன்

சூசாவுக்கு முதலில் கை வந்தது வயலின். பதின்மூன்று வயதில் அவன் வாசிப்பதைக் கேட்ட ஒரு சர்க்கஸ்காரர், எங்கள் பேண்டில் சேர்ந்துவிடு என்று ஆசை காட்டினார். பையனும் வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பத் தயாராகிவிட்டான். விஷயம் எப்படியோ அப்பாவின் காதுக்கு எட்டியது. அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. மகனைக் கையோடு படை முகாமுக்கு அழைத்துப்போய் மரைன் பேண்டில் பயிற்சி மாணவனாகக் கையெழுத்துப் போடவைத்துவிட்டார். அது 1868 ஜூன் மாதம். படையில் சேர்ந்தவன் சர்க்கஸுக்கு ஓட முடியாதல்லவா!

1875 வரை அங்கே இருந்துவிட்டு, வெளியே வந்து நாடகக் குழுக்களில் வயலின் வாசித்தார். 1876-இல் பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஓஃபன்பாக் வந்தபோது அவருடைய இசைக்குழுவிலும் வாசித்தார். 1879-இல் ஜேன் பெல்லிஸைக் கைப்பிடித்தார். மறு வருடம் மரைன் படையிலிருந்து அழைப்பு வந்தது. பயிற்சிப் பையனாகச் சேர்ந்த அதே பேண்டுக்கு இப்போது தலைமை ஏற்க வேண்டும். அப்போது அவருக்கு வயது 25. அமெரிக்காவில் பிறந்த ஒருவர் அந்தப் பொறுப்புக்கு வந்தது அதுவே முதல் தடவை.

புல்வெளி கற்றுக்கொடுத்தது

பொறுப்பேற்றபோது பேண்டின் நிலை சுமாராகத்தான் இருந்தது. நோட்டுகள் பழையவை, சம்பளம் குறைவு, ஆட்களுக்கு உற்சாகமில்லை. சூசா ஒத்திகையைக் கண்டிப்பாக்கினார். அலமாரியில் இருந்ததில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, பெரிய சிம்பொனி இசைக்குழுக்களுக்காக எழுதப்பட்டவற்றை பேண்டுக்கு ஏற்ப மாற்றிக் கொண்டுவந்தார். வாத்தியங்களின் எண்ணிக்கையையும் தன் தேவைக்கேற்ப மாற்றியமைத்தார்.

இந்த மாற்றங்களுக்கெல்லாம் பரீட்சைக்கூடம் அந்தப் புல்வெளிதான். பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர், பிடிக்காவிட்டாலும் கொடுத்த காசுக்காக உட்கார்ந்திருப்பார். இலவசமாக வந்தவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அலுத்துப்போனால் எழுந்து நடந்துவிடுவார். அவரை நிறுத்திவைப்பது வாசிப்பின் வேலை. மேலே கூரை இல்லை, ஒலியைத் திருப்பித்தரச் சுவர் இல்லை, கச்சேரிக்கு மைக் வைக்கும் வழக்கமே அன்று இல்லை. காற்றடித்தால் பாதி இசை அதோடு போய்விடும். கேட்பவர்களில் செனட்டரும் இருப்பார், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்த ஆயாவும் இருப்பார்.

இவர்கள் எல்லோரையும் ஒரே மாலையில் திருப்திப்படுத்த சூசா கைக்கொண்ட வழி எளிமையானது. கனமான ஒன்று, அதன் பின்னே லேசான ஒன்று. வாக்னரின் இசை நாடகப் பகுதியை வாசித்துவிட்டு, அடுத்து எல்லோருக்கும் தெரிந்த மெட்டு ஒன்றை எடுப்பார். இசையில் உசத்தி, தாழ்த்தி என்று அவர் பார்க்கவில்லை. நன்றாக வாசிப்பது, மோசமாக வாசிப்பது என்பதுதான் அவருக்குக் கணக்கு.

பன்னிரண்டு வருடங்களில் ஐந்து அதிபர்களின் காலத்தில் அவர் பணியாற்றினார். 1881-இல் அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டு இறந்தபோது அஞ்சலிக்காகத் தனியே ஓர் இசையை எழுதினார். 1886-இல் வெள்ளை மாளிகையிலேயே நடந்த அதிபர் கிளீவ்லாண்டின் திருமணத்துக்கும் இவருடைய பேண்டுதான். 1888-இல் எழுதிய செம்பர் ஃபிடெலிஸ் இன்றும் மரைன் படையின் அதிகாரபூர்வ மார்ச்.

ஒரு பரிசளிப்பு விழா

சூசாவை உலகத்துக்குக் காட்டியது பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைப் போட்டி என்றால் நம்புவீர்களா? வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அப்படி ஒரு போட்டியை நடத்தியது. பரிசளிப்பு விழாவுக்கு ஒரு மார்ச் எழுதித் தரும்படி சூசாவைக் கேட்டார்கள். 1889 ஜூன் 15 அன்று ஸ்மித்சோனியன் வளாகத்தின் திறந்தவெளியில், ஆயிரக்கணக்கான பெற்றோரும் பிள்ளைகளும் கூடியிருக்க, அந்தப் புது மெட்டு முதன்முதலாக ஒலித்தது. பத்திரிகையின் பெயரே மெட்டுக்கும் பெயராயிற்று.

அப்போது டூ-ஸ்டெப் என்ற புது நடனம் பிரபலமாகத் தொடங்கியிருந்தது. அதற்கு இந்தத் தாளம் கச்சிதமாகப் பொருந்தியது. ஐரோப்பாவில் அந்த நடனத்தையே வாஷிங்டன் போஸ்ட் என்று அழைக்கும் அளவுக்கு மெட்டு பரவியது. அதனால் சூசாவுக்குக் கிடைத்தது என்ன? பதிப்பாளரிடம் உரிமையை அவர் விற்றது 35 டாலருக்கு. அச்சடித்த நோட்டுகள் கடல் கடந்து விற்க, லாபமெல்லாம் பதிப்பாளருக்குப் போனது. இந்தப் பாடத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

சீருடையைக் கழற்றியபின்

அரசாங்கச் சம்பளத்தில் குடும்பத்தை நடத்துவது சிரமமாக இருந்தது. 1892-இல் டேவிட் பிளேக்லி என்ற ஏற்பாட்டாளர் பல மடங்கு வருமானத்தோடு தனி பேண்டு நடத்த அழைத்தபோது சூசா படையிலிருந்து விடைபெற்றார். பேண்டுத் தோழர்கள் பெயர் பொறித்த கோல் ஒன்றைப் பரிசளித்தார்கள். பிற்காலத்தில் அவருடைய மகள்கள் அதை மரைன் பேண்டுக்கே திருப்பித் தந்துவிட்டார்கள். இன்றும் புதிய இயக்குநர் பொறுப்பேற்கும்போது முந்தையவரின் கையிலிருந்து அவர் கைக்கு மாறுவது அந்தக் கோல்தான்.

சூசா பேண்டு 1892 முதல் 1931 வரை சுற்றாத இடமில்லை. 15,000-க்கும் மேற்பட்ட கச்சேரிகள். 1910-இல் கிளம்பிய உலகப் பயணம் இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபிஜி, ஹவாய் என்று நீண்டது. இப்போது டிக்கெட் உண்டு. ஆனால் புல்வெளியில் படித்த பாடம் அப்படியே இருந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் அடுத்த மார்ச் தொடங்கிவிடும். இசைக் கொட்டகையே இல்லாத சிறு நகரங்களில் பலர் வாக்னரை முதன்முதலாகக் கேட்டது இவருடைய பேண்டில்தான். தோளில் சுற்றிக்கொண்டு வாசிக்கும் அந்தப் பெரிய பித்தளை வாத்தியத்துக்கு சூசாஃபோன் என்று பெயர் வந்ததும் இவரால்தான்; இவர் கேட்டுச் செய்யச்சொன்ன வாத்தியம் அது.

1896 இறுதியில் ஐரோப்பாவில் இருந்தபோது பிளேக்லி இறந்த செய்தி வந்தது. கப்பலில் திரும்பும் வழியில், மேல்தளத்தில் நடந்துகொண்டிருந்த சூசாவின் மனதுக்குள் ஒரு பேண்டு விடாமல் வாசித்துக்கொண்டே இருந்தது. கரையிறங்கி, கிறிஸ்துமஸ் அன்று அதைத் தாளில் எழுதிவைத்தார். அதுதான் ஸ்டார்ஸ் அண்டு ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர். 1987-இல் அமெரிக்காவின் தேசிய மார்ச் என்று சட்டம் இயற்றி அதைக் கௌரவித்தார்கள். சர்க்கஸ்காரர்கள் மட்டும் அதற்கு வேறு உபயோகம் வைத்திருந்தார்கள். கூடாரத்தில் தீயோ வேறு ஆபத்தோ வந்தால், கூட்டம் பதறாமல் ஊழியர்களுக்கு மட்டும் தெரிவிக்கும் ரகசிய சமிக்ஞை அது.

டப்பாவில் அடைத்த இசை

சூசாவின் வாழ்க்கையில் பெரிய சண்டை ஒன்று உண்டு. எதிரி, இசைத்தட்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1890-இலேயே கொலம்பியா நிறுவனத்துக்காக மெழுகு உருளைகளில் பதிவு செய்த முன்னோடிகளில் மரைன் பேண்டும் ஒன்று. ஆனால் சூசாவுக்கு அதில் ஒட்டுதல் இல்லை. பிற்காலத்தில் தன் சொந்த பேண்டின் பதிவுகளுக்குக்கூடப் பெரும்பாலும் வேறொருவரைத்தான் அனுப்பினார். 1906-இல் இயந்திர இசையின் ஆபத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதே வருடம் நாடாளுமன்றக் குழு முன்னாலும் போய் வாதாடினார்.

அவர் சொன்னது இரண்டு விஷயம். முதலாவது பணம். தட்டு விற்பவர் சம்பாதிக்கிறார், மெட்டு எழுதியவருக்குக் காலணா இல்லை. 35 டாலர் அனுபவம் பேசியது அது. இரண்டாவதுதான் அவரை அதிகம் உறுத்தியது. பொத்தானைத் திருகினால் பாட்டு வரும் என்றால், எந்தப் பிள்ளை உட்கார்ந்து சாதகம் செய்யும்? மாலையில் வாசலில் உட்கார்ந்து சேர்ந்து பாடுகிற வழக்கம் என்ன ஆகும்? ஊருக்கு ஊர் இருக்கிற சின்னச் சின்ன பேண்டுகள் என்ன ஆகும்?

முதல் சண்டையில் அவர் பக்கம் ஜெயித்தது. 1909-இல் வந்த காப்புரிமைச் சட்டம், பதிவாகும் ஒவ்வொரு பிரதிக்கும் இரண்டு சென்ட் இசையமைப்பாளருக்குத் தர வேண்டும் என்றது. 1914-இல் இசையமைப்பாளர்களின் உரிமைக்காக ஏற்பட்ட சங்கத்தின் தொடக்க உறுப்பினர்களில் அவரும் ஒருவர். இரண்டாவது சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்பதை, காதில் இயர்போனோடு லிஃப்டில் தனித்தனியாக நின்று இறங்கும் நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் அவர் முழுக்கத் தோற்றார் என்றும் சொல்லிவிட முடியாது. நம் வளாகத்திலேயே தினமும் மாலையில் எந்த வீட்டிலிருந்தாவது கீபோர்டு சத்தம் கேட்கத்தான் செய்கிறது.

கடைசி ஒத்திகை

முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கிய 1917-இல் சூசாவுக்கு வயது 62. புகழும் பணமும் சேர்ந்திருந்த நேரம். அப்போதும் கடற்படையில் சேர்ந்து, சிகாகோ அருகே கிரேட் லேக்ஸ் பயிற்சித் தளத்தில் இளம் மாலுமிகளுக்கு பேண்டு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். சம்பளத்தில் பெயரளவுக்கு ஒரு டாலரை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை மாலுமிகளின் நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார்.

1932 மார்ச் மாதம் பென்சில்வேனியாவின் ரெடிங் நகருக்குப் போனார். அந்த ஊர் ரிங்கோல்டு பேண்டின் ஆண்டுவிழா. சூசா சிறப்பு விருந்தினர். முந்தைய மாலை ஒத்திகையை அவரே நடத்தினார். கடைசியாக வாசிக்கச் சொன்னது ஸ்டார்ஸ் அண்டு ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர். விடுதிக்குத் திரும்பியவருக்கு நள்ளிரவு தாண்டி மாரடைப்பு வந்தது. மார்ச் 6 அன்று, 77-ஆவது வயதில் காலமானார். எந்தச் சிற்றூர் பேண்டுகள் அழிந்துவிடும் என்று பயந்தாரோ, அப்படிப்பட்ட ஒன்றின் நடுவில் அவருடைய கடைசி மாலை கழிந்தது. உடல் வாஷிங்டனுக்கு வந்து, மரைன் பேண்டு மண்டபத்தில் வைக்கப்பட்டது. அடக்கம், வளர்ந்த வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத காங்கிரஷனல் கல்லறைத் தோட்டத்தில். ஒவ்வொரு நவம்பர் 6 அன்றும் மரைன் பேண்டு அங்கே போய் வாசிக்கிறது.

இலவசக் கச்சேரிகளும் நிற்கவில்லை. கோடையில் நாடாளுமன்றக் கட்டடத்தின் அருகே இன்றும் அதே பேண்டு பொதுமக்களுக்கு வாசிக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம் வளாகப் பெரியவர்கள், கோடையில் வாஷிங்டன் பக்கம் போக நேர்ந்தால் ஒரு மாலையை அதற்கு ஒதுக்கலாம். போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சூசாவின் மார்ச்சுகளை மரைன் பேண்டு வரிசையாகப் பதிவு செய்து தன் இணையதளத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. வாஷிங்டன் போஸ்டில் தொடங்கி, லிபர்ட்டி பெல்லுக்குப் போங்கள். மான்டி பைதான் தொடர் பார்த்தவர்களுக்கு அது உடனே பிடிபடும். காலை நடைப்பயிற்சிக்கும் இந்தத் தாளம் பொருத்தமானது.

பதிவுகளோடு நோட்டுகளையும் அங்கே சேர்த்தே வைத்திருக்கிறார்கள். கிளாரினெட், புல்லாங்குழல், டிரம் என்று ஏதாவது கற்றுக்கொள்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், பதிவைக் கேட்பதோடு நிறுத்தாமல் அந்த நோட்டையும் அச்செடுத்துக் கொடுங்கள். சூசா இருந்திருந்தால் அதைத்தான் முதலில் செய்யச் சொல்லியிருப்பார்.