அம்மை நோய்களைப் பிரித்தறிந்த அல் ராஸி

அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அல் ராஸி, ஹிஜ்ரி 251 (கி.பி. 865) வாக்கில் பாரசீகத்தின் ரை நகரில் பிறந்தார். இன்றைய டெஹ்ரானை ஒட்டிய ஊர் அது. மருத்துவத்துக்கு அவர் வந்தது சற்றுப் பிந்தித்தான். ஆனாலும் ரையிலும், பிறகு பக்தாதிலும் பீமாரிஸ்தான் எனப்பட்ட மருத்துவமனைகளுக்குத் தலைமை வகிக்கும் அளவுக்கு உயர்ந்தார்.

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு உடம்பில் தடிப்பு போட்டால், அது பெரியம்மையா தட்டம்மையா என்று பிரித்துச் சொல்லத் தெளிவான வழி அன்று இல்லை. அந்த வழியைத் தன் 'அல் ஜுதரீ வல் ஹஸ்பா' நூலில் ராஸி எழுதி வைத்தார். முதுகுவலி அதிகமாக இருந்தால் பெரியம்மை. குமட்டலும் பதற்றமும் மிகுந்தால் தட்டம்மை என்பது அவர் கண்ட அடையாளம். தடிப்பு வருமுன்பே இவற்றைக் கவனிக்கச் சொன்னார். நோய்க்கு அவர் சொன்ன காரணம், அதாவது இரத்தம் புளித்துப் பொங்குவது என்பது, தவறு. கிருமிகளை அறியாத காலம் அது. ஆனால் படுக்கையருகே இருந்து அவர் பார்த்தவை இன்றும் மதிக்கப்படுகின்றன.

அம்மை கண்ட உடனே முதலில் கண்களைக் காப்பாற்றுங்கள் என்பது அவருடைய அறிவுரை. அதற்குப் பன்னீர் விடச் சொன்னார். இன்று யாரும் அதைச் செய்ய வேண்டாம்; ஆனால் அவருடைய கவலை சரியானது. தட்டம்மை பிள்ளைகளின் பார்வையைப் பறிக்கும். அதனால்தான் இன்று தட்டம்மை கண்ட குழந்தைக்கு மருத்துவர்கள் வைட்டமின் ஏ கொடுக்கிறார்கள். பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டது. தட்டம்மை ஒழியவில்லை. நம் நாட்டில் 9 மாதம் முடிந்ததும் ஒரு தடுப்பூசி, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று போடுகிறார்கள். இரண்டாவதைத் தவறவிடும் வீடுகள் இன்னும் உண்டு.

மருத்துவர் கிடைக்காத ஏழைகளுக்கென்றும் ராஸி தனியாக ஒரு நூல் எழுதினார். கடைசிக் காலத்தில் கண்பார்வை இழந்து, 925 வாக்கில் ரையிலேயே காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை மாணவர்கள் தொகுத்ததே 'அல் ஹாவீ' எனும் பெருநூல். 1279இல் அது லத்தீனுக்குப் போனது.

குழந்தை நோய்களுக்கு மட்டுமே அவர் எழுதிய சிறுநூல் ஒன்றும் உண்டு. வலிப்பு, காதில் சீழ், பல் முளைக்கும்போது வரும் தொல்லை, வாந்தி, வயிற்றுப்போக்கு, இருமல், குடற்புழு எல்லாம் அதில் வருகின்றன. ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதைப் படித்தார்கள். அதன் லத்தீன், ஹீப்ரு மொழிபெயர்ப்புகள் மட்டும் தப்பிப் பிழைத்தன.