பிணக்கின் நடுவே ஒரு குரு

2015-இல் கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்ட ஜோசப் வாஸ் அடிகளார், 1651-இல் கோவா நாட்டில் பிறந்தவர். கண்டியில் அவர் சிறைப்பட்ட வரலாற்றை மறைக்கல்வி வகுப்பில் நாம் கேட்டிருக்கிறோம். அதற்குமுன் கன்னடக் கடற்கரையில் அவர் பட்ட பாடு பலருக்குத் தெரியாது.

1681-இல் கோவாவின் திருச்சபை அதிகாரிகள் அவரை அங்கே தலைமைக் குருவாக அனுப்பினார்கள். திருச்சபை இரண்டுபட்டுக் கிடந்தது. போர்த்துக்கல் அரசரின் பழைய ஞானாதிக்க உரிமையை விடாமல் பற்றியவர்கள் ஒரு பக்கம். பாப்பரசர் நேரே நியமித்த ஆயர் தோமாஸ் தெ காஸ்த்ரோ மறுபக்கம். எதிர்த்தரப்புக் குருவிடம் பெற்ற அருட்சாதனம் செல்லுமா என்று எளிய விசுவாசிகள் கலங்கினார்கள். பாவசங்கீர்த்தனம் செய்தவனுக்கும் மன அமைதியில்லை. எவ்வளவு கொடுமை!

அடிகளார் கோவாவின் ஆள். ஆயினும் தாமே ஆயரைத் தேடிச் சென்று, நியமனப் பத்திரத்தைப் பார்த்தார். உரோமையின் தீர்ப்பு வரும்வரை பணியாற்ற அவரிடமே அனுமதி பெற்றார். மற்றக் குருக்களும் இப்படிச் செய்யலாமென்று கோவாவுக்கு எழுதினார். மேலிடம் செவிசாய்க்கவில்லை. 1684-இல் அவர் ஊர் திரும்பியபோதும் பிணக்குத் தீரவில்லை. அவரை அண்டிய மக்களின் கலக்கம் மட்டும் தீர்ந்திருந்தது.

பின்பு இலங்கை. அங்கே அவரை ஆயராக்கப் பாப்பரசரின் தூதர் விரும்பியபோது மறுத்துவிட்டார். பழைய புண்ணைக் கீறிவிடக் கூடாது என்றே மறுத்தார் என நாம் எண்ணுகிறோம்.

இதே வழக்கு 19-ஆம் நூற்றாண்டில், நம் திண்டுக்கல் பகுதி அடங்கிய மதுரை மிஷனையும் வாட்டியது. 1886-இல்தான் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் போர்த்துக்கல்லுடன் உடன்படிக்கை செய்தார். அடிகளார் கண்டியில் கண்மூடி அப்போது 175 ஆண்டுகள் ஆகியிருந்தன.