கார்ல் வில்லெம் சீலே

கார்ல் வில்லெம் சீலே (டிசம்பர் 9, 1742 – மே 21, 1786) சுவீடனில் வாழ்ந்த புகழ்பெற்ற வேதியியலாளரும் மருந்தாளுநரும் ஆவார். ஆக்சிசன், குளோரின் ஆகியவற்றோடு பல தாவர அமிலங்களையும் கண்டறிந்தவர்.

வாழ்க்கை

அன்று சுவீடனின் ஆட்சியிலும் இன்று செருமனியிலும் உள்ள இசுட்ரால்சுண்டு நகரில் பிறந்தார். பல்கலைக்கழகக் கல்வி பெறவில்லை. 14 வயதில் கோத்தன்பர்க் நகர மருந்துக்கடை ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்து, அங்கிருந்த நூல்களையும் மருந்துச் சரக்குகளையும் கொண்டே வேதியியலைக் கற்றார். பின்னர் மால்மோ, இசுட்டாக்கோம், உப்சாலா நகரங்களில் பணியாற்றி, 1775 இல் சோப்பிங் என்ற சிற்றூரில் மருந்துக்கடைப் பொறுப்பேற்றார். அதே ஆண்டு சுவீடிய அரச அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது.

ஆக்சிசனை பிரீசுட்லிக்கு முன்பே இவர் பிரித்தெடுத்திருந்தார். ஆனால் இவரது நூல் 1777 இல்தான் வெளிவந்தது. பிரீசுட்லியின் கண்டுபிடிப்போ 1774 இலேயே நடந்துவிட்டது. இதனால் பாடநூல்கள் பலவற்றில் சீலேயின் பெயர் இரண்டாவதாகவே இடம்பெறுகிறது.

தாவர அமிலங்கள்

எலுமிச்சைச் சாற்றில் சுண்ணாம்புக்கல் தூளைச் சேர்த்து, வீழ்படிவாகும் உப்பைக் கந்தக அமிலத்தால் சிதைத்து, 1784 இல் சிட்ரிக் அமிலத்தைப் படிகமாகப் பெற்றார். 1785 இல் ஆப்பிளிலிருந்து மாலிக் அமிலத்தைப் பிரித்தார்.

1786 இல் காலிக் அமிலத்தைப் பிரித்த முறை வேறானது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் மாசிக்காய்தான் இதன் மூலப்பொருள். இது பெயரில் காயாயினும் உண்மையில் காயன்று. குளவியினப் பூச்சி முட்டையிடுவதால் ஓக் மரத்தில் உண்டாகும் புடைப்பு. அதன் தூளை நீரில் ஊறவைத்து, பூஞ்சணம் பூக்கும்வரை பல நாட்கள் விட்டுவைத்தபோது அமிலம் படிகமாகப் படிந்தது. அப்படிகத்தைச் சூடாக்கிப் பைரோகலாலையும் பெற்றார்.

மாசிக்காயில் காலிக் அமிலத்தின் பெரும்பகுதி தனித்து இருப்பதில்லை. குளுக்கோசுடன் பிணைந்து தானினாக உள்ளது. பூஞ்சணம் சுரக்கும் தானேசு என்ற நொதி அப்பிணைப்பை நீராற்பகுத்து அமிலத்தை விடுவிக்கிறது. இம்மாற்றம் பூஞ்சைகளின் செயல் என்பதை 1867 இல் பிரான்சின் வான் தீகெம் காட்டினார். ஆக, சீலேயின் சாடியில் நடந்தது இன்றைய சொல்லில் ஓர் உயிரித் தொழில்நுட்பச் செயல்முறையே! இன்றும் தானேசு கொண்டு காலிக் அமிலம் உருவாக்கப்படுகிறது. டிரைமெத்தோபிரிம் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் தயாரிப்பில் அது மூலப்பொருளாகிறது.

இறப்பு

தாம் ஆய்ந்த பொருட்களைச் சுவைத்துப் பார்க்கும் வழக்கம் சீலேக்கு இருந்தது. ஐதரசன் சயனைடின் சுவையைக்கூடக் குறித்து வைத்துள்ளார். பாதரசம், ஆர்செனிக் போன்ற நச்சுப்பொருட்களுடன் நெடுங்காலம் புழங்கியதே அவரது உடல்நலத்தைக் கெடுத்தது எனப் பரவலாகக் கருதப்படுகிறது. காலிக் அமிலத்தைப் பிரித்த அதே 1786 இல், சோப்பிங்கில் தம் 43 ஆவது வயதில் இறந்தார். அதற்குச் சில நாட்கள் முன்புதான், மருந்துக்கடையின் முந்தைய உரிமையாளருடைய கைம்பெண்ணான சாரா மார்கரேத்தா போலை மணந்திருந்தார்.